வெட்டி வைத்த மூச்சு

அறுபத்து நான்கு இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்தைந்து இருந்தது.

மூச்சுகள். ஒன்பதாம் பாடத்திலிருந்து அன்று காலை அவள் வெட்டி எடுத்து வைத்தவை. வெட்ட வெட்டத் தாளில் கோடு போட்டுக்கொண்டே போவது அவள் வழக்கம், நாலு கோடு, குறுக்கே ஒன்று. தாளில் பன்னிரண்டு கட்டும் மேலே நாலு கோடும் இருந்தன. கம்ப்யூட்டரில் ஒன்று கூடுதலாக இருந்தது. காபி ஆறிப்போகிற வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணினாள். தாளும் மாறவில்லை, கம்ப்யூட்டரும் மாறவில்லை.

மூச்சை வெட்டுவதுதான் அவள் பிழைப்பு. புத்தகம் வாசிப்பவர்கள், விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர்கள் என்று யார் பேசிப் பதிவு செய்தாலும், வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே புஸ் புஸ்ஸென்று அவர்கள் இழுத்து விடுவதையெல்லாம் தேடிப் பிடித்து நறுக்கிவிட்டு, பேச்சை மட்டும் மழமழவென்று திருப்பிக் கொடுக்க வேண்டும். தான் எவ்வளவு சத்தமாக மூச்சு விடுகிறோம் என்று பேசுகிற ஒருத்தருக்கும் தெரியாது, சொன்னால் கோபம் வேறு வரும். வெட்டியதை அவள் அழிப்பதும் இல்லை. பத்து நாள் கழித்து வந்து, என்னம்மா இது மெஷின் பேசுற மாதிரி இருக்கு, கொஞ்சம் மூச்சைத் திருப்பிப் போடுங்க என்று நிற்பார்கள். அப்படி இரண்டு தடவை பட்டபிறகு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்கு 'மிச்சம்' என்று பெயர் வைத்து, வெட்டிய மூச்சையெல்லாம் வரிசையாக அதில் போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

அறுபத்தைந்தாவதை மட்டும் தனியாக எடுத்தாள். ஹெட்போனைக் காதோடு அழுத்தி, மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, கேட்டாள்.

இழுக்கிற சத்தம் மட்டும்தான் இருந்தது. ஆண்பிள்ளை மூச்சு இல்லை, மெலிசு. இழுத்து முடிகிற இடத்தில், மூக்குக்குள் எங்கேயோ சின்னதாக ஒரு 'க்ளிக்'. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. இழுத்தவர் விடவில்லை.

அந்தக் 'க்ளிக்' அவளுக்குத் தெரியும். ஆறு வருஷமாகச் சளி பிடித்த ராத்திரிகளில் மகளின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்ட சத்தம். பொறந்த பிள்ளையைப் பார்க்க வந்த மாமியார், மூக்கும் மூச்சும் அப்படியே அம்மாக்காரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பாடங்கள் பதிவான அன்று பொடிசு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இந்த அறைக்குள் அவளைப் பதிவு நேரத்தில் விட்டதே கிடையாது. அப்படியிருக்க அவள் மூச்சு இதற்குள் எப்படி வரும்?

அறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டின் கடைசி அறை. நாலு சுவரிலும் பழைய மெத்தைகள், சன்னலுக்கு இரண்டு கம்பளி, கதவின் ஓரமெல்லாம் ரப்பர் பட்டை. உள்ளே வந்து சாத்திக்கொண்டால் தெரு காணாமல் போகும், வீடு காணாமல் போகும், பழைய பஞ்சு வாடையும் சூடான கம்ப்யூட்டரின் தூசி வாடையும் மட்டும் மிஞ்சும், கொஞ்ச நேரத்தில் தன் இதயம் அடிப்பதே தனக்குக் கேட்க ஆரம்பிக்கும். முதல் தடவை வருகிறவர்கள் ஒரு நிமிஷத்துக்குமேல் கதவைச் சாத்த விடமாட்டார்கள். அவளுக்குப் பழகிவிட்டது.

பழகாதது அவள் உடம்புக்குத்தான். பிறர் மூச்சைக் கேட்க வேண்டுமென்றால் தன் மூச்சு குறுக்கே வரக்கூடாது. அதனால் ஹெட்போனை மாட்டியதும் அவள் மூச்சு தானாக நின்றுவிடும். முப்பது நொடி, நாற்பது நொடி, ஒரு வாய் அவசரமாக இழுத்துக்கொண்டு மறுபடி. நாள் முழுக்க இப்படி. சாயங்காலமானால் தலைவலி, படபடப்பு, யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுவது. டாக்டர் எழுதிக் கொடுக்க மாத்திரையே இல்லை என்று சிரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் ஏதோ ஆபத்து இருப்பதாக உடம்பு நினைத்துக்கொள்ளும், அதை நம்பவைப்பதை முதலில் நிறுத்துங்கள் என்றார்.

வீட்டில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அவள் வேலை பார்க்கும்போது அப்பாவும் மகளும் பூனை மாதிரி உள்ளே வருவார்கள். பொடிசு கையில் ஒரு வட்டக் கண்ணாடி. அதை அம்மா மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பாள். கண்ணாடியில் ஆவி படர்ந்ததும் புருஷன் பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பயப்பட ஒண்ணுமில்ல, உசிரோடதான் இருக்காங்க" என்பான். பொடிசு விழுந்து விழுந்து சிரிப்பாள். இன்று அவன் வெளியூரில், வருவதற்கு நாளைக்கு மத்தியானம் ஆகும்.

இந்த லட்சணத்தில் அவளுக்கு வந்த வேலை, மூச்சுப் பயிற்சி. மொத்தம் இருபத்தொரு பாடம். சொல்லிக் கொடுக்கிறவர் முன்னாள் நீச்சல் பயிற்சியாளர், மனதுக்குள் அவள் அவருக்கு வைத்த பெயர் மூச்சு மாஸ்டர். தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுகிற மாதிரி நிதானமான குரல். நாலு எண்ணுகிற வரை இழுக்கச் சொல்வார், ஏழு எண்ணுகிற வரை அடக்கச் சொல்வார், 'நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க' என்பார், பிறகு 'விடுங்க' என்பார். பதிவு முடிந்து கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்.

"எனக்குச் சொல்லித்தர்றதுக்கு ஆள் வெளியில தேட வேண்டியதில்லம்மா. நான் பேசின நேரம் பூரா நீங்க விடவே இல்ல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் சிரித்து மழுப்பினாள்.

ஆனால் பொடிசுக்கு அந்தப் பாடங்கள் நிஜமாகவே மருந்து மாதிரி கேட்டன. இளைப்பு வந்தால் பயந்துபோய், பயத்தில் இன்னும் வேகமாக இழுத்து, அதிலேயே இன்னும் இளைக்கிற பிள்ளை அது. மாஸ்டர் குரலோடு சேர்ந்து மெதுவாக இழுத்து விட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு வாரமாக மருந்துக் குழலைத் தொடவில்லை. முதலில் ஒரு தொல்லை இருந்தது. அடக்குகிற நேரத்தில் அம்மா அந்தப் பக்கம் போனால் போதும், களுக்கென்று சிரித்து விட்டுவிடுவாள். ஒருநாள் அம்மா கண்டிப்பாகச் சொன்னாள். மாமா விடுங்கன்னு சொன்னாதான் விடணும். நான் வந்து கூப்பிட்டாலும் விடக் கூடாது, தெரிஞ்சுதா?

பொடிசுக்கு ஒன்று சொன்னால் சொன்னதுதான். போன வருஷம், நான் வர்ற வரைக்கும் கேட்டை விட்டு நகராதே என்று சொல்லியிருந்த நாளில் மழை கொட்டியது. டீச்சர் உள்ளே இழுத்தும் போகாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தொப்பலாக நனைந்தபடி நின்றாள். அன்றைக்கு அவளை நினைத்துப் பெருமைப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இன்றும் பள்ளிக்கூடத்திலிருந்து கொஞ்சம் இளைப்போடுதான் வந்தாள். பழைய போனில் ஒன்பதாம் பாடத்தைப் போட்டுக் கொடுத்து, பெரிய ஹெட்போனைத் தலையில் மாட்டி, ஹாலில் சோபாவில் படுக்க வைத்துவிட்டு அவள் இங்கே வந்து உட்கார்ந்து எட்டொன்பது நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

அறுபத்தைந்தாவதை இன்னொரு தடவை ஓடவிட்டாள். இழுப்பு. க்ளிக். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்தாள். ஒன்பதாம் பாடம் பத்து நிமிஷம். கம்பெனிக்காரர்களுக்கு எல்லாமே பத்து நிமிஷம் இருக்க வேண்டும், ஒரு நொடி கூடக் குறைய இருக்கக்கூடாது. இந்தப் பாடம் எட்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டதால் கடைசியில் இரண்டு நிமிஷம் வெறும் நிசப்தத்தை ஒட்டி வைத்தவளே அவள்தான். அந்த இடத்தில் இப்போது பதினொன்று இருபத்தாறு என்று இருந்தது.

பதினொன்று இருபத்தேழு.

பதினொன்று இருபத்தெட்டு.

அவள் எதையும் ஓட்டவில்லை. எதையும் பதிவு செய்யவில்லை. மைக்கின் கம்பி சுருட்டி ஆணியில் தொங்கியது. சும்மா கிடக்கிற ஒரு ஃபைல், அதன் பாட்டுக்கு, நொடிக்கு ஒரு நொடி நீண்டுகொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மௌஸைக் கடைசி நுனிக்கு நகர்த்தி, அழுத்தினாள்.

"தொண்ணூத்தொண்ணு," என்றார் மாஸ்டர் காதுக்குள். நிதானமாக. "தொண்ணூத்திரெண்டு. தொண்ணூத்திமூணு."

கை தானாகப் போனை எடுத்தது. அழைத்துப் பேசலாம்தான், ஆனால் இந்த அறைக்குள் இப்போது வாயைத் திறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தட்டி அனுப்பினாள். சார், ஒன்பதாம் பாடத்தில் எதற்கு இவ்வளவு தூரம் எண்ணியிருக்கிறீர்கள்?

நூற்றுப் பதினெட்டில் பதில் வந்தது.

'ஏழுக்கு மேல நான் எண்ணினதே இல்லையேம்மா. கடைசி சுத்துல விடுங்கன்னு கொஞ்சம் மெதுவா சொல்லியிருப்பேன். அது இருக்கான்னு பாருங்க.'

பார்த்தாள். கடைசிச் சுற்று. இழுங்க, நாலு. அடக்குங்க, ஏழு. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. அதன் பிறகு ஒரு வெட்டு, அவள் கை வெட்டு, சுத்தமாக, அழகாக. அதன் பிறகு நிசப்தம். பத்து வருஷப் பழக்கத்தில் மூச்சுகளை அவள் இப்போதெல்லாம் கேட்டு வெட்டுவதே இல்லை. திரையில் ஒலி வரைகிற கோட்டின் உருவத்தைப் பார்த்துக் கண்ணாலேயே வெட்டுவாள். கடைசி 'விடுங்க'வை மாஸ்டர் முழுக்க மூச்சாகவே சொல்லியிருந்தார். பார்ப்பதற்கு மூச்சு மாதிரியே இருந்தது. வெட்டி மிச்சத்தில் போட்டுவிட்டாள்.

அந்தப் பாடம்தான் ஹாலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சத்தமே வரவில்லை, மெத்தைகள் விழுங்கிவிட்டன. கதவு ரப்பர் பட்டையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். பொளக்கென்று திறந்தது. தெருவின் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் காதில் வந்து விழுந்தது.

பொடிசு சோபாவில் மல்லாந்து படுத்திருந்தாள்.

கண் திறந்திருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. முகம் கருஞ்சிவப்பு. நெற்றியில் நரம்பு ஒன்று புடைத்திருந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிருந்தது. நெஞ்சு அசையவில்லை.

விடுடி. விடுடி கண்ணு. சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. பயத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தாள். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். பொடிசு தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். கன்னத்தை அழுத்தப் போனபோது பிள்ளை தன் மூக்கைத் தானே இரண்டு விரலால் இறுக்கிக்கொண்டு, ஒரு விரலைத் தூக்கி அம்மாவிடம் காட்டினாள். இரு. மாமா இன்னும் சொல்லல.

உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அவள் ஓடினாள். அறை. கம்ப்யூட்டர். ஹெட்போன் கம்பியைப் பிடுங்கினாள். ஸ்பீக்கர் குமிழை முழுக்கத் திருகினாள். மிச்சம். கடைசியில் வெட்டியது. கடைசி. அழுத்தினாள்.

இழுப்பு. க்ளிக்.

வீடு முழுக்க அந்த மெலிசான மூச்சு சுவர் சுவராக ஏறியது. அது இல்லை. அது இல்லை. அதற்கு முந்தியது. அறுபத்து நான்கு. மௌஸ் வழுக்கியது. அழுத்தினாள்.

"விடுங்க," என்றார் மாஸ்டர்.

ஹாலில் ஒரு சத்தம். டயரிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி நீளமாக. பிறகு இருமல். கொடூரமான, சளி கலந்த, அருமையான இருமல். பிறகு ஒரு இழுப்பு, விசிலோடு. ஒரு விடுப்பு. இன்னொரு இழுப்பு.

எப்படி ஹாலுக்கு வந்தாள் என்று தெரியாது. பொடிசை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன முதுகு கைக்குள் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது, அதைவிட வேறெதுவும் அவளுக்கு வேண்டாம் என்றிருந்தது. என் தங்கமே என்று மனசு கதறியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விம்மல் மட்டும் வரவில்லை.

"மாமா இன்னிக்கி ரொம்ப லேட்டாச் சொன்னாரும்மா," என்றாள் பொடிசு, மூக்கை அம்மாவின் தோளில் துடைத்துக்கொண்டே. "நான் விடவே இல்ல, பாத்தியா?"

சமத்து என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய் திறந்தது. உதடு அசைந்தது. சமத்து வெளியே வரவில்லை. எதுவும் வரவில்லை.

பேச்சுக்குக் காற்று வேண்டும். அவளுக்குத் தெரியாதா, அவள் பிழைப்பே அதுதானே.

நெஞ்சு நிரம்பியிருந்தது. விட நினைத்தாள். விடுவதற்கு உடம்பில் எந்த இடத்தைத் தளர்த்த வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது. வயிற்றை எக்கினாள். நெஞ்சைக் கையால் குத்தினாள். வலிக்கவில்லை. திணறவும் இல்லை. ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் கதிகலங்க வைத்தது. கடைசியாக எப்போது விட்டோம் என்று யோசித்தாள். பொடிசோடு இல்லை. கதவோடு போராடியபோது இல்லை. போனில் தட்டியபோது இல்லை. பின்னால், பின்னால் என்று போய், நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை அழுத்தி, நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்ட இடத்தில் போய் நின்றாள். அங்கே அவள் மூக்குக்குள் ஒரு சின்ன 'க்ளிக்' கேட்டிருக்க வேண்டும். தன் மூச்சை அவள் வாழ்க்கையில் ஒருநாளும் கேட்டதில்லை. மூக்கும் மூச்சும் அப்படியே அம்மாக்காரி.

அறுபத்தைந்தாவது அவளுடையது. அவள் இழுப்பதற்கு முன்பே அங்கே இருந்தது.

திறந்து கிடந்த கடைசி அறையிலிருந்து, முழுக்கத் திருகிய ஸ்பீக்கரில், மாஸ்டர் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

"முன்னூத்திநாலு. முன்னூத்தியஞ்சு."

பொடிசு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"நீயும் பயிற்சியாம்மா?"

மடியிலிருந்து குதித்து இறங்கி ஓடினாள். அலமாரி திறக்கும் சத்தம். வட்டக் கண்ணாடியோடு திரும்பி வந்தாள். இரண்டு கையாலும் அதைப் பிடித்து, அம்மாவின் மூக்குக்குக் கீழே, அப்பா சொல்லிக் கொடுத்த மாதிரி ஆடாமல் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கியபடி காத்திருந்தாள்.

ஓட்டத்தில் எப்படியோ கையோடு வந்து சோபாவில் கிடந்த போனை அவள் பார்த்தாள். மாஸ்டரிடமிருந்து இரண்டாவதாக ஒன்று வந்திருந்தது, அவள் அதைப் படிக்கவே இல்லை. 'முதல்ல நீங்க விடுங்கம்மா.' சிரிக்கிற பொம்மை ஒன்று கூடவே. எழுத்தைக் கண்ணால் படித்தாள். அறுபத்து நான்காவதைத் திரும்பப் போட்டால் என்ன என்று எழப் பார்த்தாள். கால் எழவில்லை. ஒன்றும் எழவில்லை. கண் மட்டும் அசைந்தது.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதில் அவள் மூக்கு, இரண்டு நாசித் துளைகள், மேலே அகன்று விரிந்த கண்கள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

"வரலியே," என்றாள் பொடிசு.

கண்ணாடியைக் கவுனில் தேய்த்துத் துடைத்தாள். மறுபடி பிடித்தாள்.

"முன்னூத்திநாப்பது. முன்னூத்திநாப்பத்தொண்ணு."

வெளியே வெயில் சாய்ந்து, சன்னல் கம்பியின் நிழல் சோபாவின் காலிலிருந்து ஏறி அவள் முழங்காலுக்கு வந்தது. எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. பொடிசின் சிரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. கை வலித்திருக்க வேண்டும், ஒரு கையை மாற்றி மறு கையால் பிடித்துக்கொண்டாள். அம்மாவைத் தொடவில்லை, கூப்பிடவில்லை. பயிற்சியில் இருக்கிறவர்களைக் கூப்பிடக் கூடாது. மாமா சொல்கிற வரைக்கும் நகரக் கூடாது. மழையில் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரியேதான் இப்போதும் நின்றாள்.

இன்னொரு தடவை கவுனில் துடைத்து, கண்ணாடியை அம்மாவின் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஆவி படருமா என்று பொடிசு குனிந்து பார்த்தாள்.